வயலினுக்கு ஸ்ட்ராடிவாரி என்றால், வில்லுக்கு யார்?

நீங்கள் கேட்டது இது: "வயலின் வில் என்பது ஒரு குச்சியும் கொஞ்சம் குதிரை முடியும்தானே? பழைய பிரெஞ்சு வில் ஒன்று லட்சக்கணக்கான யூரோவுக்கு ஏலம் போகிறதாமே. யார் இந்தத் தூர்த்? அப்படி என்னதான் செய்துவிட்டார்?"

விலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2017-இல் பிரான்சில் நடந்த ஓர் ஏலத்தில் தூர்த் செய்த வில் ஒன்று ஐந்து லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அந்தக் காசுக்கு அருமையான இத்தாலிய வயலினே வாங்கலாம். நான் வில்லுக்கு முடி மாற்றிக் கொடுக்கிற வேலை செய்கிறவன். அப்படி ஒரு வில் என் மேசைக்கு இதுவரை வந்ததில்லை, வரவும் போவதில்லை. ஆனால் என் மேசைக்கு வருகிற ஒவ்வொரு வில்லும், எண்ணூறு ரூபாய் சீன வில் உட்பட, அவர் வகுத்த அளவில்தான் இருக்கிறது. உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான். நீளமான பதில் இனி.

பிரான்சுவா சேவியர் தூர்த் பாரீஸ்காரர். பிறந்தது 1747 அல்லது 1748. அப்பா நிக்கோலா பியேர் தூர்த் வில் செய்பவர், அண்ணன் நிக்கோலா லெயோனாரும் வில் செய்பவர். அண்ணனை "மூத்த தூர்த்" என்றும் இவரை "இளைய தூர்த்" என்றும் அழைத்தார்கள். வீட்டிலேயே தொழில் இருந்தும் பையனை முதலில் கடிகார வேலைக்குத்தான் அனுப்பினார்கள். எட்டு வருடம் அங்கே இருந்தார். வருமானம் போதவில்லை என்றோ என்னவோ, அதை விட்டுவிட்டுக் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்கிறார்கள். செய்ன் நதிக்கரையில், இன்றைய லூவ்ர் கரையின் ஒரு பகுதியாகிவிட்ட கே தெ லெக்கோல் என்ற இடத்தில் குடியிருந்தார். பகலெல்லாம் வேலை, சாயங்காலம் ஆற்றில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது. வாழ்க்கைக் கதை என்று பார்த்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியன், முடியாட்சி திரும்பியது எல்லாம் அவர் கண்ணெதிரே நடந்தன. அவர் பாட்டுக்கு வில் செய்துகொண்டிருந்தார். 85 வயதுவாக்கில் கண் மங்கி வேலையை நிறுத்தி, 1835 ஏப்ரலில் காலமானார்.

இந்தக் கதை நமக்கு எந்த வழியாக வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெல்ஜிய இசை அறிஞர் ஃபெத்திஸ் 1856-இல் புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் வில்லைப் பற்றி ஒரு பகுதி உண்டு. தூர்த் பற்றி உலகம் சொல்லிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. ஃபெத்திசுக்குத் தகவல் கொடுத்தவர் ஜான் பாப்டிஸ்ட் வுய்யோம். பாரீசின் மிகப்பெரிய வயலின் வியாபாரி, சிறந்த கைவினைஞர், விளம்பரக் கலையிலும் தேர்ந்தவர். தூர்த் இறந்து இருபது வருடம் கழித்து, தூர்த் மாதிரியில் வில் விற்கிற ஒருவர் வாய்மொழியாகச் சொன்னது என்பதால், நான் இதைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்பேன். பொய் என்று சொல்லவில்லை. கதை அழகாக இருக்கும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை, அவ்வளவுதான்.

உதாரணத்துக்குச் சர்க்கரைப் பீப்பாய்க் கதை. தொழில் பழகும் காலத்தில் நல்ல மரத்தைப் பாழாக்கக் கூடாது என்று, சர்க்கரை வந்த பழைய பீப்பாய்களின் பலகையில் வில் சீவிப் பழகினாராம். அவற்றை இருபது, முப்பது சூவுக்கு, அதாவது சில்லறைக் காசுக்கு, விற்றாராம். எனக்கு இதை நம்பப் பிடிக்கிறது. கை பழகுவதற்குக் கிடைத்த கட்டையைச் சீவாத தச்சர் யார்?

சரி, அவர் வருவதற்கு முன்னால் வில் எப்படி இருந்தது? தமிழில் நாம் "வில்" என்கிறோம். வித்வான்கள் பேச்சில் அது "போ". பழைய காலத்து ஐரோப்பிய வயலின் வில் அந்தப் பெயருக்கு ஏற்றபடியே இருந்தது. குச்சி வெளிப்பக்கம் புடைத்து வளைந்திருக்கும், முடி நாண் மாதிரி இருக்கும், அம்பு எய்யும் வில்லின் தூரத்து உறவு. தலைப்பகுதி கூர்மையாக, மெல்லியதாக, தாழ்வாக இருக்கும். இன்றைய வில்லை எடுத்துப் பாருங்கள். குச்சி முடியை நோக்கி உட்பக்கமாக வளைந்திருக்கும். பெயர் மட்டும்தான் வில், வளைவு நேர்மாறு.

இந்த நேர்மாறு வளைவுதான் விஷயமே. வெளியே வளைந்த பழைய வில்லை தந்தியில் அழுத்தினால் முடி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதனால் ஒலி மெல்லத் தொடங்கிப் பிறகுதான் நிறையும். மோட்ஸார்ட்டின் தந்தை லியோபோல்ட், 1756-இல் எழுதிய வயலின் பாடநூலில், ஒவ்வொரு வில் இழுப்பின் தொடக்கத்திலும் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு ஒரு சின்ன மென்மை இருக்க வேண்டும் என்கிறார். அது அழகியல் மட்டும் இல்லை, அந்த வில்லின் இயல்பும் அதுதான். உட்பக்கம் வளைந்த குச்சியில் முடியை இறுக்கினால், குச்சி சற்று நிமிர்ந்து, தன் பழைய வளைவுக்கே திரும்ப முயன்று, எப்போதும் முடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். அழுத்தினாலும் முடி தொய்வதில்லை. தொட்ட நொடியிலேயே தந்தியைக் கவ்விவிடும்.

ஆனால் இந்த வளைவைத் தூர்த் ஒருவரே ஒரு நாள் காலையில் கண்டுபிடித்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1770-களிலேயே ஐரோப்பாவில் இடைப்பட்ட வடிவங்கள் பல புழங்கின. வில்ஹெல்ம் க்ராமர் என்ற வித்வானின் பெயரால் ஒரு வகையே உண்டு. அதில் குச்சி கிட்டத்தட்ட நேராகவோ லேசாக உள்ளே வளைந்தோ இருக்கும், தலையும் உயரத் தொடங்கிவிட்டது. முடியை இறுக்குகிற திருகாணி தூர்த் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. லண்டனில் ஜான் டாட் என்பவர் ஏறத்தாழ இதே காலத்தில் இதே திசையில் போய்க்கொண்டிருந்தார். அவரை "ஆங்கிலேயத் தூர்த்" என்பார்கள், அது அவருக்குப் பிடித்திருக்குமா என்று தெரியவில்லை.

அப்படியானால் தூர்த்தின் பங்கு என்ன? என் கருத்தில், அவர் கண்டுபிடிப்பாளர் என்பதைவிட முடித்து வைத்தவர். ஆளாளுக்கு ஒரு நீளம், ஒரு எடை, ஒரு தலை என்று கிடந்ததை எடுத்து, ஒன்றை மாற்றினால் இன்னொன்று கெடும் என்ற அளவுக்கு ஒன்றோடொன்று பொருத்தினார். கடிகாரக்காரர் மூளை அது. பல்சக்கரம் ஒன்று பெரிதானால் அடுத்ததும் மாற வேண்டும் இல்லையா?

தலையை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சி உள்ளே வளைந்தால் நடுப்பகுதி முடிக்கு நெருங்கிவிடும், வாசிக்கும்போது குச்சி தந்தியில் உரசும். அதைத் தவிர்க்கத் தலை உயரமாக வேண்டும். தலையை உயர்த்தினால் நுனி கனக்கும். கனத்தால் நுனியிலும் ஒலி மெலியாமல் நிற்கும், அது லாபம். ஆனால் கை சீக்கிரம் சோரும், அது நஷ்டம். அதை ஈடுகட்டக் கைப்பிடிப் பக்கம் எடை ஏற்ற வேண்டும். அங்கே கருங்காலியில் செய்த, முடியின் ஒரு முனையைப் பிடித்திருக்கும் கட்டை இருக்கிறதே, ஆங்கிலத்தில் தவளை என்று பொருள்படும் "ஃப்ராக்", அதில் வெள்ளியும் தங்கமும் ஏறியது வெறும் ஆடம்பரம் இல்லை. அந்த உலோகம் தராசின் மறுதட்டு.

அப்புறம், முடி. பழைய வில்லில் முடி கொத்தாகக் குவிந்து உருண்டுவிடும். ஃப்ராகின் வாயில் ஓர் உலோகப் பட்டை வளையமும், உள்ளே ஒரு சின்ன மர ஆப்பும், மேலே மூட முத்துச்சிப்பித் தகடும் வைத்தால் முடி நாடா போலத் தட்டையாகப் பரவி நிற்கும். முடி மாற்றும்போது எங்கள் உயிரை எடுப்பது அந்தச் சின்ன ஆப்புதான். ஒரு மயிரிழை பெரிதாகச் சீவிவிட்டால் வளையம் பிளந்துவிடும், சிறிதாகிவிட்டால் கச்சேரி நடுவில் முடி சரியும். 150-இலிருந்து 200 முடி வரை, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரவ வேண்டும். தூர்த் வீட்டில் முடி பொறுக்கும் வேலையைச் செய்தவர் அவருடைய மகள். சீரான தடிமன் உள்ள, முழு நீளமும் உருண்டு திரண்ட முடியை மட்டும் எடுத்து மீதியைத் தள்ளிவிடுவாராம். அந்தப் பெண்ணின் பெயரை ஏன் யாரும் பெரிதாகப் பேசவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. வில்லின் பாதி அந்த முடிதான்.

அளவுகளுக்கு வருவோம். வயலின் வில்லின் நீளம் 74 முதல் 75 சென்டிமீட்டர். எடை இன்றைய வழக்கில் 60 கிராம் சுமார். குச்சியின் தடிமன் கைப்பிடிப் பக்கம் 8.6 மில்லிமீட்டர், முதல் 11 சென்டிமீட்டருக்கு அதே தடிமன் நீடிக்கும். பிறகு மெலிந்துகொண்டே போய்த் தலைக்கருகில் 5.3 மில்லிமீட்டர். மொத்தக் குறைவு 3.3 மில்லிமீட்டர்தான், ஆனால் அது சீராகக் குறைவதில்லை. தொடக்கத்தில் மெதுவாகவும், தலையை நெருங்க நெருங்க வேகமாகவும் குறைகிறது. வுய்யோம் பல தூர்த் வில்களை அளந்து பார்த்து, இந்த மெலிவு ஒரு மடக்கைக் (லாகரிதம்) கோட்டைப் பின்பற்றுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கையெழுத்துப் போடத் தெரியாதவர் மடக்கை வளைவைக் கண்ணாலேயே சீவினார் என்று பரவசப்படுவார்கள். எனக்கு அவ்வளவு பரவசம் இல்லை. உண்மையான தூர்த் வில்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடுகின்றன, ஒவ்வொரு குச்சியின் உறுதிக்கு ஏற்றபடி அவர் சீவியிருக்கிறார். வளைத்துப் பார்த்து, இன்னும் விறைப்பாக இருக்கும் இடத்தில் ஒரு சீவல் எடுப்பது. சூத்திரம் பின்னால் வந்தவர்களுக்கு. அவருக்குக் கை இருந்தது.

இனி மரம். இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரேசிலின் கிழக்குக் கடலோரக் காடுகளில் வளரும் பெர்னாம்புகோ மரம்தான் அவர் தேர்ந்தெடுத்தது. அது ஐரோப்பாவுக்கு வில்லுக்காக வரவில்லை, துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றத்தான் கட்டை கட்டையாகக் கப்பலில் வந்தது. அடர்த்தி, விறைப்பு, வளைத்தால் திரும்பி வரும் துள்ளல், மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம், இந்த மரத்தில் அமைகிறது. வேறு சிலரும் இதைத் தொட்டிருக்கிறார்கள், ஆனால் இதையே வில்லின் மரம் என்று நிலைநாட்டியவர் தூர்த். ஆனால் சாயக் கட்டையில் முடிச்சும் கோணலும் அதிகம். எட்டுப் பத்தாயிரம் கிலோ கட்டையைப் புரட்டினாலும் நேரான நரம்போட்டம் உள்ள துண்டு சிலதான் தேறும் என்று ஃபெத்திஸ் எழுதுகிறார். போதாததற்கு இங்கிலாந்துடன் போர். கடல் வழி அடைபட்டு, மரம் கிடைப்பதே கஷ்டமாகி, விலை ஏறிப்போனது.

இங்கே நம் பக்கத்து உறவு ஒன்று உண்டு. பிரேசில் என்ற சொல் முதலில் அமெரிக்க மரத்தைக் குறித்ததே இல்லை. இந்தியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் மேற்கே போன ஒரு சிவப்புச் சாயக் கட்டைக்கு ஐரோப்பியர் வைத்திருந்த பெயர் அது. கேரளத்திலும் குமரிப் பக்கத்திலும் குடிநீரைச் சிவப்பாக்கப் போடுவார்களே பதிமுகம், அந்த மரம்தான். கொல்லத்தில் கிடைக்கும் பிரேசில் கட்டையை மார்க்கோ போலோவே குறிப்பிடுகிறார். பிறகு போர்த்துகீசியர் தென்னமெரிக்கக் கரையில் அதே குடும்பத்து மரத்தைக் கண்டதும் அதே பெயரால் அழைத்தார்கள், மரத்தின் பெயர் ஒரு நாட்டின் பெயரும் ஆனது. அடுத்த முறை பதிமுகத் தண்ணீர் குடிக்கும்போது வயலின் வில்லின் சித்தப்பாவைக் குடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் கிடைத்த பிறகு அதை வளைக்க வேண்டுமே. தூர்த்துக்கு முன் பலர் வளைவான வடிவத்திலேயே குச்சியை அறுத்துவிடுவார்கள். அப்படி அறுத்தால் மரத்தின் நரம்புகள் வழியில் வெட்டுப்படும், குச்சி பலவீனமாகும். தூர்த் நேரான குச்சியை அறுத்து, நெருப்பில் வாட்டி வளைத்தார். சொல்லச் சுலபம். வெளிப்பக்கம் மட்டும் சூடாகி உள்ளே சூடு ஏறாவிட்டால், வளைத்த வளைவு கொஞ்ச நாளில் நிமிர்ந்துவிடும். உள்நரம்பு வரை சூடு போக வேண்டும், ஆனால் மேல்புறம் கருகக் கூடாது. நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு மலிவு வில்லை அவசரப்பட்டு வாட்டி, மேலே கருக்கிவிட்டு, ஒரு மாதம் கழித்து அது மறுபடி நேராகி வந்து நின்றதைப் பார்த்தவன். அந்த அவமானம் இன்னும் மறக்கவில்லை. தூர்த் வளைத்த குச்சிகள் இருநூறு வருடமாக வளைந்தே இருக்கின்றன. அவற்றுக்கு அவர் வார்னிஷும் பூசவில்லை, நுரைக்கல் பொடியும் எண்ணெயும் போட்டுத் தேய்த்ததோடு சரி.

இவ்வளவையும் யாருக்காகச் செய்தார் என்றால், ஜியோவானி பட்டிஸ்டா வியோட்டியின் பெயர் வரும். இத்தாலிய வித்வான், 1782-இல் பாரீசில் முதல் கச்சேரி செய்து ஊரையே அசத்தியவர், பத்து வருடம் கழித்துப் புரட்சிக் கலவரத்தில் லண்டனுக்குப் போய்விட்டவர். முடியைத் தட்டையாக்கும் யோசனையே அவருடையது என்பார்கள். இருவரும் உட்கார்ந்து பேசியதற்கு எழுத்து ஆதாரம் கிடையாது, ஆனால் காலமும் ஊரும் பொருந்துகின்றன. வியோட்டியின் வழிவந்த க்ரோய்ட்சர், ரோட், பாயோ ஆகியோர் 1795-இல் தொடங்கிய பாரீஸ் இசைக் கல்லூரியில் ஆசிரியர்களானார்கள். நீண்ட, பாடுவது போன்ற இழுப்பு, சுத்தியால் அடித்தது போன்ற வெட்டு, எதிர்பாராத அழுத்தம் எல்லாம் அவர்கள் பாடத்திட்டத்தில் இடம்பிடித்தன. பெத்தோவன் தம் பெரிய வயலின் சொனாட்டாவைச் சமர்ப்பித்தது இந்தக் க்ரோய்ட்சருக்குத்தான். அதைப் பழைய தாழ்தலை வில்லில் வாசித்துப் பார்த்தால் வில்லும் வாசிப்பவரும் திணறுவது தெரியும். கருவி மாறியதால் இசை மாறியதா, இசை கேட்டதால் கருவி மாறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதே காலகட்டத்தில்தான் சென்னைப் பக்கம் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டு வந்தார். நம் கச்சேரியில் வில்லைத் தந்தியில் துள்ளவிட்டு வாசிப்பதற்கு வேலை குறைவு. ஆனால் ஒரே இழுப்பில் கமகம் முழுவதையும் தாங்கி, அடி முதல் நுனி வரை ஒலி மெலியாமல் போவதற்கு இந்த நீளமும் இந்த எடைப் பங்கீடும் கச்சிதமாக உதவுகின்றன.

தூர்த் தம் வில்லில் முத்திரை குத்தவில்லை. அதனால்தான் இன்று ஒரு வில் அவருடையதா என்று தீர்மானிக்க நிபுணர்கள் தலையின் வளைவையும் உளித் தடத்தையும் பார்த்து மல்லுக்கட்டுகிறார்கள். ஓரிரு வில்களில் மட்டும், ஃப்ராகைக் கழற்றினால் அது உட்காரும் பள்ளத்தில் ஒரு காகிதத் துண்டு: இந்த வில்லைத் தூர்த் 1824-இல், 77 வயதில் செய்தார் என்று. அவர் பிறந்த ஆண்டைக் கணக்கிட உதவுவதும் அந்தத் துண்டுதான். விலை வாழ்நாளிலேயே நன்றாகத்தான் கிடைத்திருக்கிறது. சாதாரணக் கருங்காலி ஃப்ராக் வில் 36 பிராங்க், வெள்ளி பதித்தது மூன்றரை லூயி பொற்காசு, ஆமை ஓட்டு ஃப்ராகில் தங்கம் பதித்தது 12 பொற்காசு. மேதையைப் பட்டினி போட்டார்கள் என்ற வழக்கமான சோகம் இங்கே இல்லை.

அவருக்குப் பின் வந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் தொமினிக் பெக்காத். மிர்கூர் என்ற வயலின் ஊரில் 1810-இல் நாவிதர் மகனாகப் பிறந்து, 1826-இல் வுய்யோம் பட்டறைக்கு வந்து, தூர்த் மாதிரிக்கு இன்னும் கொஞ்சம் முரட்டுத் தோள் கொடுத்தவர். சில வித்வான்கள் தூர்த்தைவிடப் பெக்காத்தையே விரும்புகிறார்கள், பெரிய அரங்கில் ஒலி நிற்கும் என்று. ஃப்ராக் தேயாமல் இருக்க அடியில் உலோகத் தகடு வைத்தவர் பிரான்சுவா லுப்போ. பின்னால் வந்த வில் கைவினைஞர்களில் வுவாரேன் மென்மை, சார்த்தோரி உறுதி. வுய்யோமே எஃகுக் குழாயில் வில் செய்து பார்த்தார், வாசிப்பவரே முடி மாற்றிக்கொள்ளும் வில்லும் செய்தார். இரண்டும் இன்று கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. அந்த இரண்டாவது நிலைத்திருந்தால் எனக்குப் பிழைப்பு போயிருக்கும்.

அந்தப் பிழைப்புக்கு இப்போது மரமே பிரச்சினை. சாயத்துக்காக நூற்றாண்டுக் கணக்கில் வெட்டி, காட்டை வயலாக்கி, பெர்னாம்புகோ அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. 2007-இல் அழியும் உயிரினங்களுக்கான உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். 2022-இல் அந்தப் பட்டியலுக்காகப் பனாமாவில் நடந்த மாநாட்டில் பிரேசில் முழுத் தடைக்கு நெருக்கமான நிலையைக் கேட்டது. அது ஏற்கப்படவில்லை, ஆனால் விதிகள் இறுகின. வில் செய்பவர்கள் மரக்கன்று நடும் திட்டங்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள். கன்று வில்லாகப் பல பத்தாண்டுகள் ஆகும். கார்பன் இழை வில்கள் நன்றாகவே இருக்கின்றன, நடுத்தர விலையில் மாணவர்களுக்கு நான் அதையே சொல்கிறேன். அதுவும் தூர்த்தின் அளவுதான்.

நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் வில்லை எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள், 74-இலிருந்து 75-க்குள் வரும். அளந்து முடித்ததும் திருகாணியைத் தளர்த்தி, முடி தொய்ந்த பிறகு பெட்டியில் வையுங்கள். சென்னை ஈரத்தில் இறுக்கியபடியே விட்டுத்தான் என்னிடம் வரும் வில்களில் பாதி வளைவை இழந்திருக்கின்றன.